காலித்தட்டு

வண்டியைப் பிரித்துப் பூட்டிய பிறகு கையில் நாலு ஸ்க்ரூ மிச்சம் இருந்தால்தான் அவன் மெக்கானிக் என்று எங்கள் தெருவில் கேலி செய்வார்கள். எல்லாரும் சிரிப்பார்கள், என் வீட்டுக்காரரைத் தவிர. அவருக்கு அந்தப் பேச்சே ஆகாது. ஒரு தடவை டீக்கடையில் யாரோ அதைச் சொல்லப்போக, பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அவரிடம் ஒரு தட்டு இருக்கிறது. நாங்கள் குடித்தனம் ஆரம்பித்தபோது சாப்பிட வாங்கிய எவர்சில்வர் தட்டு. விளிம்பு நெளிந்துவிட்டது என்று நான் ஒதுக்கி வைத்ததை ஒர்க்‌ஷாப்புக்குத் தூக்கிக்கொண்டு போனார். எந்த வண்டியைப் பிரித்தாலும் கழற்றுகிற சாமான் அந்தத் தட்டுக்குத்தான் போகும். முதலில் கழற்றியது மேல் விளிம்பில், அடுத்தது அதற்குப் பக்கத்தில், அப்படியே வட்டமாகச் சுற்றிக்கொண்டு வரும். பூட்டும்போது கடைசியில் வைத்ததிலிருந்து திரும்பி எடுப்பார். வேலை முடிந்ததும் வண்டிக்காரரைக் கூப்பிட்டு, "பாருங்க, தட்டு காலி" என்று காட்டிவிட்டுத்தான் கிக்கரை உதைப்பார். அதனால் அவருக்குக் காலித்தட்டு என்றே பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரருக்கே தெரியாது.

ஒர்க்‌ஷாப்பின் முன்பாதி என்னுடையது. நான் சீட்டுக்கு உறை தைக்கிறவள். ரெக்சின், நுரை, தடித்த நூல், ஒரு கனத்த தையல் மெஷின். அதற்குப் பின்னால் அவருடைய எண்ணெய்ப் பிசுக்கு ராஜ்ஜியம். நடுவில் சுவர் கிடையாது. அவர் என்ன செய்தாலும் என் கண்ணில் படும், நான் என்ன பேசினாலும் அவர் காதில் விழும். "உனக்கு ஊசி ஓடுதோ இல்லையோ, வாய் ஓடுது" என்பார். "நீங்க பேசாம இருக்கிறதுக்கும் சேர்த்துத்தான் பேசுறேன்" என்பேன். பொய் சொல்ல வராததால்தான் இந்த மனுஷன் வாயைத் திறப்பதில்லை என்று நான் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு ஒரே ஒரு அண்ணன். என் மூத்தார். அச்சகத்தில் காகிதம் வெட்டுகிற மெஷினில் வேலை. ஆளும் உயரம், குரலும் உயரம், கோபம் எப்போதும் மூக்கு நுனியில். வாலிப வயதில் அண்ணனும் தம்பியும் காயலான் கடையில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி வந்து, ஒவ்வொரு சாமானாகத் தேடிச் சேர்த்து ஓட வைத்தார்கள். அண்ணன் ஓட்டுவது, தம்பி பழுது பார்ப்பது என்று அன்றைக்கே ஏற்பாடு. வண்டிக்குப் பெயர் கிழவி. கல்யாணத்தன்று இவர் யாரிடமோ "கிழவி வந்துட்டாளா?" என்று விசாரித்தபோது, யாரோ பெரிய மனுஷி வரப்போகிறாள் என்று நான் எழுந்து நின்றேன். அதைச் சொல்லிச் சொல்லி இந்தக் குடும்பம் இன்னும் என் மானத்தை வாங்குகிறது.

சங்கடம் ஆரம்பித்தது மூத்தாரின் மனைவி, என் ஓரகத்தி, நொண்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குள் வந்த மத்தியானத்தில். முழங்காலில் கட்டு. நான் முக்காலியை இழுத்துப் போட்டதும் உட்கார்ந்து, கொழுந்தனைப் பார்த்து அழ ஆரம்பித்தாள்.

"ரோடு வளையுது தம்பி, உங்க அண்ணன் வளையல. நேரா போறாரு. நான் முதுகுல அடிக்கிறேன், கத்துறேன், காதுலயே ஏறல. மணல் குவியல்ல ஏறி விழுந்தோம். விழுந்த பிறகு என்னைப் பாத்துக் கேக்குறாரு, என்ன ஆச்சுன்னு."

"ஏதாவது யோசனையில இருந்திருப்பாரு அண்ணி."

"யோசனையா? சாப்பிட உக்காந்தா பிசைஞ்ச கை அந்தரத்துல நிக்குது. வாய் மட்டும் சும்மாவே மெல்லுது. கண்ணு திறந்திருக்கு, ஆனா அவர் அங்க இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி சாப்பிடுறாரு. இது புதுசு இல்ல தம்பி. நான்தான் வெளிய சொல்லாம இருந்தேன்."

என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கும் காரணம் தெரியும். இவர்களுடைய அப்பா தச்சர். மரத்தை இழைத்துக்கொண்டே இருப்பார், திடீரென்று இழைப்புளி நின்றுவிடும், பலகையையே வெறித்துக்கொண்டு நிற்பாராம். யோசனைக்காரர் என்று எல்லாரும் கிண்டல் செய்தார்கள். அந்த யோசனை ஒரு நாள் சாரத்தின் மேல் நிற்கும்போது வந்தது. கீழே விழுந்தவர் பிழைக்கவில்லை. அண்ணனும் தம்பியும் அதைப் பற்றித் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

அன்றைக்கே இவர் அண்ணன் வீட்டுக்குப் போனார். டாக்டரிடம் போகலாம் என்று மென்று விழுங்கிச் சொல்லியிருக்கிறார். "எனக்கு ஒண்ணும் இல்ல. என்னைப் பைத்தியம்னு சொல்ல வந்தியா? நாள் முழுக்க கத்திக்குக் கீழ கை வெச்சு காகிதம் வெட்டுறேன். ஒரு விரல் போயிருக்கா பாரு" என்று பத்து விரலையும் விரித்து மூஞ்சிக்கு நேரே காட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டாராம். அந்தக் கத்தியை நான் பார்த்திருக்கிறேன்.

அதன் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. கிழவிதான் அண்ணனை மறுபடி இங்கே கொண்டுவந்து சேர்த்தாள். கிளட்ச் போய்விட்டது.

"ஆக்சிலேட்டரைத் திருகினா சத்தம் ஏறுது, வண்டி ஏறல" என்றார் மூத்தார், வாசலில் நின்றபடியே, தம்பியைப் பார்க்காமல். "கிழவிக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு. பாக்குறியா, இல்ல வேற கடைக்குப் போகட்டுமா?"

"உள்ள கொண்டாண்ணே."

அவ்வளவுதான் சமாதானம். ஆம்பிளைகள் சண்டை போடுவதற்கும் நாலு வார்த்தை, ராசியாவதற்கும் நாலு வார்த்தை.

வண்டி வந்த மறுநாளே ஓரகத்தியும் வந்தாள். "தம்பி, இது ஓடக்கூடாது. ஓடுற வரைக்கும் அவர் அதையேதான் சாட்சிக்கு இழுப்பாரு, பாரு நான் நல்லாத்தானே ஓட்டுறேன்னு. வண்டி படுத்துடுச்சுன்னா கொஞ்சம் இறங்கி வருவாரு. நான் எப்படியாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"ஒரு வண்டியைக் கெடுத்துக் குடுக்க என்னால முடியாது அண்ணி."

"அப்ப என்னை விதவையாக்க முடியுமா?"

நான்தான் குறுக்கே விழுந்தேன். சாமான் கிடைக்கவில்லை என்று சொல்லி வண்டியை இங்கேயே நிறுத்திவைக்கலாமே என்றேன். அண்ணன் ஊரெல்லாம் ஏறி இறங்கி அந்தச் சாமானை வாங்கிக்கொண்டு வந்து மேஜையில் வைப்பார், இல்லையென்றால் வேறு மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவார் என்றார் இவர். அதுவும் உண்மைதான். "ஒளிச்சு மறைச்சு செய்யிறது எனக்குப் பிடிக்கல, சொல்லிட்டேன்" என்று மெஷினை வேகமாக மிதித்தேன். அன்று தைத்த உறை முழுக்கக் கோணல்.

வேலை ஆரம்பமாயிற்று. அச்சகத்தில் ஷிப்ட் முடிந்ததும் மூத்தார் நேராக இங்கே வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். தம்பி ஏதோ இழுத்தடிக்கிறான் என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்.

இந்த மாதிரி பழைய வண்டிகளில் இன்ஜினின் பலம் நேராகச் சக்கரத்துக்குப் போகாது. இடது பக்கம் ஒரு பெரிய மூடிக்குள், இன்ஜின் பல்சக்கரத்திலிருந்து கிளட்சுக்கு ஒரு செயின் எண்ணெயில் முழுகியபடி ஓடும். கிளட்ச் என்பது ஒரு இரும்புக் கிண்ணம். அதற்குள் கார்க் பதித்த ப்ளேட்டும் வெறும் ப்ளேட்டும் மாறி மாறி அடுக்கி, மேலே ஸ்பிரிங் வைத்து அழுத்தியிருக்கும். லீவரைப் பிடித்தால் அந்த அடுக்கு விலக வேண்டும், விட்டால் கவ்விக்கொள்ள வேண்டும். இதெல்லாம் எனக்கு யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லவில்லை. கண் முன்னால் நடப்பதைப் பார்த்துப் பார்த்து வந்ததுதான்.

மூடியைத் திறந்ததும் கறுப்புக் கூழாக எண்ணெய் கொட்டியது. "என்ன எண்ணெய்ணே ஊத்தின?" "கெட்டியா இருந்தா நல்லதுன்னு ஊத்தினேன்." "தோசைமாவா அது? கெட்டியா இருந்தா ப்ளேட் வழுக்கும்." செயின் தொய்ந்து தொட்டில் மாதிரி ஆடியது. பல்சக்கரத்தின் பற்கள் எல்லாம் ஒரு பக்கமாக வளைந்து கொக்கியாகியிருந்தன. பழைய ப்ளேட்டுகளை ஒன்றோடொன்று வெல்டு வைத்து இவரே செய்த பூட்டுச்சாமான் ஒன்று உண்டு. அதைக் கிண்ணத்துக்குள் செருகி, கிண்ணம் சுற்றாமல் பிடித்துக்கொண்டு நடுநட்டைக் கழற்றினார். செயின், பல்சக்கரம், கிண்ணம் மூன்றும் ஒன்றாகத்தான் வெளியே வரும். மூத்தார் எழுந்து வந்து ஒரு பக்கம் தாங்கிப் பிடித்தார். இரண்டு பேரும் பேசாமல் ஒரே நேரத்தில் இழுத்தார்கள். இப்படி இருக்கிற மனுஷரைத்தான் ஏமாற்றப் போகிறோம்.

கிண்ணத்தின் சுவரில் வெட்டியிருக்கிற காடிகளில் ப்ளேட்டின் காதுகள் இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருந்தது. இவர் அரம் வைத்து ஒவ்வொரு காடியாக வழவழப்பாக்கினார். புதுப் பல்சக்கரம், புதுச் செயின், புதுக் கார்க் ப்ளேட். செயினைப் பூட்டி, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, எந்த இடத்தில் அது ரொம்ப இறுகுகிறதோ அந்த இடத்தில் நிறுத்தி, அங்கே விரலால் தூக்கிப் பார்த்துத் தளர்வு வைத்தார். எண்ணெய் கசியாமல் மூடிக்கு வைக்கிற அட்டையை மூத்தாரே அச்சகத்திலிருந்து கொண்டுவந்தார். மூடியின் விளிம்பில் எண்ணெய் தடவி அட்டையில் ஒற்றியெடுத்து, என் கத்தரிக்கோலால் நான் வெட்டிக் கொடுத்தேன். "ஏம்மா, உன் கைக்கு அச்சகத்துல வேலை போட்டுத் தரலாம்" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எல்லா வேலையையும் இவர் குற்றம் சொல்ல முடியாதபடி செய்தார். ஒன்றைத் தவிர.

லீவரைப் பிடிக்கும்போது ப்ளேட்டுகளைத் தள்ளுவது ஒரு கம்பி. கியர்பாக்ஸின் ஓட்டையான தண்டுக்குள் அது போகும். ஒரே கம்பி அல்ல, இரண்டு துண்டு. இரண்டுக்கும் நடுவில் மிளகு போல ஒரு இரும்புக் குண்டு, பால்ரஸ் என்பார்கள். குண்டு இல்லையென்றால் கம்பி எட்டாது, நீ எவ்வளவு பிடித்தாலும் கிளட்ச் விடாது. இவர் குண்டை எப்போதும் விரல் நுனியில் கிரீஸ் தொட்டு, அதில் ஒட்டி எடுத்து, ஓட்டைக்குள் வைப்பார். அன்றும் அப்படித்தான் எடுத்தார். விரல் ஓட்டையை மூடியது. கம்பியைச் செருகினார். விரலைக் கந்தைத் துணியில் துடைத்தார். அந்தத் துணியைச் சட்டைப்பையில் வைத்தார்.

கந்தைத்துணியைச் சட்டைப்பையில் வைக்கிற ஆள் இல்லை இவர். வைத்தால் துவைக்கிற நான் கத்துவேன் என்று தெரியும். என் மெஷின் தானாக நின்றது.

மூத்தார் தட்டை எட்டிப் பார்த்தார். "காலி" என்று திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

"கார்க் எண்ணெயில ஊறணும்ணே. கேபிளை இப்ப மாட்டக் கூடாது. நாளைக்கு டெம்போவுல ஏத்தி வீட்டுக்கே கொண்டுவந்து மாட்டித் தர்றேன்." தலையைத் தூக்காமலே சொன்னார் இவர். ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை.

மறுநாள் வண்டியை விட்டுவிட்டு வந்தார். சாப்பிட உட்கார்ந்து, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். நான் தட்டை எடுத்துக் கழுவினேன். கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும்.

அதற்கு அடுத்த நாள் காலை, கடை திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், போன் வந்தது. அண்ணன்தான். குரல் எனக்கே கேட்டது. "டேய், கிளட்ச் விடவே இல்லடா. லீவர் சும்மா வந்து போகுது."

இவர் என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார் போலிருக்கிறது. "புது ப்ளேட்டுண்ணே. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கும். அப்படியே விடு, நான் வார கடைசில வந்து பாக்குறேன்."

போனை வைத்துவிட்டு ஸ்பானரை எடுத்தார். இரண்டு திருகு திருகியிருப்பார். ஸ்பானர் கையிலேயே நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

"ஒட்டின ப்ளேட்டை எப்படிப் பிரிப்பாங்க தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்?"

"வண்டியை உருட்டி, கியர்ல தள்ளி, கிளட்சைப் பிடிச்சுக்கிட்டே ஓட்டுவாங்க. ஆக்சிலேட்டரைக் கூட்டிக் குறைச்சு ஓட்டினா பட்டுனு பிரியும். அந்தக் காலத்துல நாங்க எத்தனை தடவை… அண்ணனுக்கு அது தண்ணி பட்ட பாடு." பேசிக்கொண்டே எழுந்துவிட்டார். "ஓடாம இருக்கட்டும்னு குண்டை எடுத்தேன். ஓட்டிப் பாருன்னு நானே வாயால சொல்லிட்டேனே!"

அண்ணன் போனை எடுக்கவில்லை. ஓரகத்தி எடுத்தாள். "இப்பத்தான் தம்பி சரிவுல உருட்டிட்டுப் போனாரு. ஒரு சுத்து ஓட்டினா விட்டுடுமாம், தம்பியே சொல்லிட்டான்னு சந்தோஷமா போறாரு. ஏன், நீங்க எதையோ எடுத்துட்டீங்கன்னு சொன்னீங்களே?"

நான் கடையைக்கூடப் பூட்டவில்லை. ஸ்கூட்டரில் இவருக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். பிடித்தால் விடாத கிளட்ச். நிறுத்த வேண்டுமென்றால் இன்ஜின் குலுங்கி அணைய வேண்டும். அதன் மேலே எந்த நிமிஷத்தில் இல்லாமல் போவார் என்று தெரியாத ஒரு மனுஷர். எங்கேயாவது கூட்டம் கூடியிருக்கிறதா என்றுதான் என் கண் தேடியது. கூட்டம் இல்லாத ஒவ்வொரு தெருவுக்கும் நன்றி சொன்னேன்.

நாலு ரோடு சிக்னலில் ஹாரன் சத்தம் கேட்டது. ஒரு ஹாரன் இல்லை, பஸ், லாரி, கார் எல்லாம் சேர்ந்து. நட்டநடுவில் கிழவி. அவள் மேல் மூத்தார், இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டு. சிக்னலில் பிரேக் போட்டிருக்கிறார், இன்ஜின் அணைந்திருக்கிறது, கியர் மாட்டிக்கொண்டதால் வண்டி முன்னாலும் போகாது பின்னாலும் போகாது. போக்குவரத்துப் போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டு ஓடி வருகிறார். "யோவ், காது கேக்கலயா? ஓரம் கட்டுய்யா!"

கேட்கவில்லைதான். மூத்தாருடைய கண் திறந்திருந்தது. வாய் எதையோ மென்றது. இடது கை விரல்கள் கிளட்ச் லீவரைத் தடவிக்கொண்டே இருந்தன, தடவிக்கொண்டே இருந்தன. ஒரு பஸ் அவர் தோளை உரசாத குறையாக வளைந்து போனது. அதற்கும் அவர் கண் இமைக்கவில்லை.

இவர் ஸ்கூட்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். அதைத் தாங்கிப் பிடித்ததில் என் கணுக்கால் பிசகியது. "அண்ணே! அண்ணே!" என்று தோளைப் பிடித்து உலுக்கினார். பதில் இல்லை. அப்புறம் உலுக்குவதை விட்டுவிட்டு, பஸ்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அண்ணனுக்கும் ரோட்டுக்கும் நடுவில் போய் அசையாமல் நின்றுகொண்டார். போலீஸ்காரர் கத்த வந்தவர், மூத்தார் முகத்தைப் பார்த்துவிட்டு, வாயிலிருந்து விசிலை எடுத்தார். அவரும் வண்டிகளைப் பார்த்துக் கையை நீட்டி நிறுத்தினார்.

மூத்தார் திரும்பி வந்தார். அப்படித்தான் சொல்ல வேண்டும். கண்ணுக்குள் ஆள் வந்தது. தம்பியைப் பார்த்து, "நீ எப்படா வந்த?" என்றார். "கிளட்ச் இன்னும் விடலடா."

இவர் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, காலால் மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். ஒர்க்‌ஷாப் வரைக்கும் இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "இப்பவே திற. எங்க ஒட்டியிருக்குன்னு நான் பாக்கணும்" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார் மூத்தார்.

இவர் திறந்தார். எண்ணெய் வடிந்தது, என் அட்டை கிழிந்தது. ஸ்பிரிங் ஒன்று துள்ளி மெஷினுக்கு அடியில் ஓடியது. நான் எடுத்துக் கொடுத்தேன். ப்ளேட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று தட்டுக்கு வந்தன. ஒன்றுகூட ஒட்டியிருக்கவில்லை. மூத்தார் டார்ச்சை வாங்கிக்கொண்டு குனிந்தார். கம்பியை உருவினார். தண்டைத் தட்டினார். விரலை விட்டுப் பார்த்தார்.

"குண்டு எங்கடா?"

இவர் எழுந்து நின்றார். எண்ணெய்க் கையைச் சட்டைப்பைக்குக் கொண்டுபோனார். சொல்லிவிடப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. சொல்லட்டும் என்றுதான் இருந்தது. "அண்ணே, நான் வந்து…"

"மறந்துட்டியா? நீயா?"

மூத்தாருடைய குரலில் கோபமே இல்லை. டார்ச்சை அணைக்காமலே கீழே வைத்தார். காலியாக இருந்ததைத் தானே பார்த்து ஒப்புக்கொண்ட அந்தத் தட்டைப் பார்த்தார். பிறகு தம்பியின் முகத்தை. ரொம்ப நேரம் பார்த்தார்.

"உனக்குமாடா?" என்றார்.

இவருடைய கை சட்டைப்பையிலேயே இருந்தது.

"விரல்ல குண்டை எடுத்த. நான் பாத்தேன். ஓட்டை வரைக்கும் கொண்டுபோன. நடுவுல கொஞ்ச நேரம் நீ இல்ல, அதானே? வெச்சோமா வெக்கலையான்னு உனக்கே தெரியல. எனக்குத் தெரியும்டா. எனக்கு அப்படித்தான் இருக்கு. காகிதத்தை அடுக்குறேன், அடுத்தது கத்தி மேல ஏறிக்கிட்டிருக்கு. நடுவுல என்ன ஆச்சுன்னு தெரியல. அப்பா மாதிரி. எனக்கு மட்டும்தான்னு நினைச்சேன். நீயாவது தப்பிச்சுட்டன்னு நினைச்சுக்கிட்டிருந்தேனே…"

அந்த உயரமான மனுஷர் தம்பியின் தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விசும்பினார். இத்தனை மாதமாக எனக்கு ஒன்றும் இல்லை என்று சாதித்த வாய் அது.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம். நீ பயப்படாத. தனியா போக மாட்ட, நானும் கூட வர்றேன். எனக்கும் பாக்கச் சொல்றேன். சரியா? என் மேல ஆணை, மாட்டேன்னு சொல்லாத."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஐயோ, இவருக்கு ஒரு குண்டூசியும் மறக்காது, எல்லாம் உங்களுக்காகத்தான், என்று கத்த வேண்டும் போல இருந்தது. இவர் சட்டைப்பையிலிருந்து கையை எடுத்தார். வெறுங்கை.

"ஆமாண்ணே" என்றார். "கொஞ்ச நாளா அப்படித்தான் இருக்கு."

மூன்று நாளாக அவர் மாற்றாத வேலைச்சட்டையை அன்று சாயங்காலம் துவைக்கும்போது, பையில் இருந்த கந்தைத்துணிக்குள் அந்தக் குண்டு இருந்தது. பழைய குண்டுகள் கிடக்கிற டப்பாவில் போட்டுக் குலுக்கிவிட்டேன். இனி எதுவென்று எனக்கே தெரியாது.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் எல்லாச் சோதனையும் எடுத்தார்கள். மூத்தாருக்கு வலிப்பில் ஒரு வகையாம். விழுந்து வெட்டிக்கொள்வது மட்டும்தான் வலிப்பு என்று நினைக்க வேண்டாம் என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். வண்டி கூடாது, வெட்டுகிற மெஷின் கூடவே கூடாது என்றார். இவருடைய தாள்களைப் புரட்டிவிட்டு, "உங்களுக்கு ஒண்ணுமே இல்லையே" என்றார். வெளியே வந்ததும் மூத்தார், "ஆரம்பத்துல அப்படித்தான், மெஷின்ல தெரியாது. நீ கவலைப்படாத" என்று தம்பி முதுகைத் தட்டினார். ஓரகத்தி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து அவளால் என் முகத்தை நேராகப் பார்க்க முடிவதில்லை. உண்மையைச் சொன்னால் அவர் மாத்திரையைத் தூக்கி எறிவார் என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

மாத்திரை வேலை செய்கிறது. சாப்பிடும்போது கை நிற்பதில்லை. கிழவி எங்கள் ஒர்க்‌ஷாப்பின் பின்மூலையில், நான் தைத்த உறை போர்த்தி நிற்கிறாள். அச்சகத்தை விட்டுவிட்ட மூத்தாருக்குத் தினமும் இங்கேதான் வேலை. என்ன வேலை? தம்பி எதையாவது மறந்துவிடுகிறானா என்று பார்த்துக்கொள்வது. வருகிற போகிறவரிடம் எல்லாம் நல்ல எண்ணத்தில் சொல்லிவிடுகிறார்: "தம்பிக்கு அப்பப்ப ஞாபகம் தப்பும். பயப்படாதீங்க, நான் பக்கத்துலயே இருக்கேன்." சில பேர் வண்டியை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார்கள். டீக்கடையில் அந்த நாலு ஸ்க்ரூ கேலி இப்போது இவரைப் பார்த்துத்தான். இவர் டீயை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்து வருகிறார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

நேற்று ஒரு வாடிக்கைக்காரர் சீட்டு உறை வாங்க வந்தவர், குரலைத் தாழ்த்தி, "காலித்தட்டுக்கு இப்ப எப்படிம்மா இருக்கு? பாவம், எப்படி இருந்த மனுஷன்" என்றார். கையில் இருந்த கத்தரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டேன். இல்லையென்றால் என்ன செய்திருப்பேனோ. பின்னாலிருந்து மூத்தாருடைய குரல் கேட்டது.

"குண்டு போட்டியா?"

"போட்டேண்ணே."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"இருக்குண்ணே."

"எதுக்கும் காட்டு."

இவர் பூட்டி முடித்த கிளட்சை மறுபடி பிரித்தார். ஸ்பிரிங், ப்ளேட், கம்பி என்று ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்து, குண்டை விரல் நுனியில் எடுத்து, அண்ணனுடைய கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டினார்.